ஊரார் மெழுகுதிரியும் என் முதுகும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனையை எடுப்பேன். சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்ப்பேன். பேனையைத் திரும்ப வைத்துவிடுவேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனால் செபமாலை சொல்லாமல் படுத்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதும் கிடையாது (ஷிப்ட் மாட்டின நாட்களைத் தவிர. அது ஆண்டவருக்குத் தெரியும்). அப்படிப்பட்ட ஒருவன், சனம் அற்புதம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற ஒரு புதுமையை, "அது புதுமையே இல்லை, வெறும் வெயில்" என்று எழுதினால் ஊர் என்ன சொல்லும்? அதுதான் பயம்.

ஆனால் போன மாதம் இங்கே லண்டனில், மோர்டன் பக்கம், ஒரு ஞானஸ்நான விருந்து. என் பக்கத்துக் கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் இளம் தகப்பன் எனக்கே அந்தக் கதையைச் சொன்னார்.

"அங்கிள், உங்களுக்குத் தெரியுமே? முந்தி எட்மண்டனில கண் தெரியாத ஒரு கிழவர் இருந்தவராம். மாதா கோயிலுக்கு நடந்து போகேக்க, அவர் கொண்டுபோன மெழுகுதிரியெல்லாம் நெருப்பே இல்லாமல் உருகி ஒண்டாப் போச்சுதாம். பத்த வைக்க மல்லிகைப் பூ மணம் வந்ததாம்!"

அந்தக் கிழவர் நான்தான். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கண் இரண்டும் நன்றாகவே தெரிந்தன. வேலை செய்யாமல் இருந்தது மூளைதான். வட லண்டன் எட்மண்டனில் நான் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. அன்றும் இன்றும் தெற்கே டூட்டிங்தான். அந்த மல்லிகைப் பூ மணம் எங்கிருந்து வந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் மகள் ஜெனி நாள் குறைந்து பிறந்தவள். லண்டன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீன்குஞ்சு மாதிரிக் கிடந்தாள். மனைவி றெஜினா வார்ட்டில். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று மாதாவிடம் நேர்ந்தேன். "தாயே, இந்தப் பிள்ளையை எங்களுக்கு விட்டுத் தா. உன் கோயிலுக்கு நடந்து வருவேன். எனக்கு வேண்டியதை என் முதுகிலேயே சுமந்து வருவேன். வழியில் ஒருவரிடமும் கை நீட்ட மாட்டேன். இவள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன்."

நடந்து வருவேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மாதா கேட்டாவா? இல்லை. யாரும் கேட்காததைச் சேர்த்துச் சொல்வது என் பிறவிக் குணம்.

பிள்ளை தப்பிவிட்டாள். நேர்த்திதான் இழுபட்டது. அந்த வருடம் லீவு இல்லை, அடுத்த வருடம் முதுகு நோ, அதற்கடுத்த வருடம் எல்லாம் சரி, மனம்தான் இல்லை. ஆனால் நான் தள்ளிப்போடப் போட, பிள்ளை வளர்ந்தாள். பிள்ளை வளர வளர மெழுகுதிரியும் வளர்ந்தது. கடைசியில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் றெஜினா சொல்லிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை என்ர நெஞ்சளவுக்கு வந்திட்டாள். இன்னும் பிந்தினால் நீங்கள் தந்திக் கம்பத்தைத்தான் சுமந்துகொண்டு போக வேண்டி வரும்."

அந்த மாதா கோயில் லண்டனுக்கு வடக்கே, நோர்போக் பக்கம். ஒவ்வொரு யூலை மாதமும் எங்கள் ஆட்கள் கோச் பஸ் பிடித்துப் போவார்கள். அதே நாளுக்குப் போய்ச் சேருகிற மாதிரி, ஒரு சின்ன வெள்ளைக்காரக் கூட்டம் லண்டனில் இருந்து நாட்கணக்காய் நடந்து போகும். இரவில் கோயில் மண்டபங்களில் படுக்கை. நான் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அவர்களின் தலைவி மார்கிரற் என்ற ஓய்வுபெற்ற நேர்ஸ். குரலைக் கேட்டாலே காய்ச்சல் இறங்கிவிடும், அப்படி ஒரு மனிசி. புறப்படுவதற்கு முன் எங்களைக் கூட்டி வைத்து, எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று விளக்கினா. தடித்த காலுறை, மழைக்கோட்டு, ஒரு மாற்றுடுப்பு, போர்வை. அவ்வளவுதான்.

"வீடு எரிந்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்களோ, அதை மட்டும் கொண்டு வாருங்கள்" என்றா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எகத்தாளம் வந்தது. நான் சண்டைக்குள் மன்னாரை விட்டு வெளிக்கிட்டது ஒரேயொரு சீலைப் பையோடு. உடுக்க இரண்டு சாரம், ஒரு செபமாலை, அம்மாவின் படம். காடு, கடல், தடுப்பு முகாம் எல்லாம் அந்தப் பையோடு தாண்டியவன் நான். பொதி குறைப்பது எப்படி என்று எனக்கு இந்த மனிசி சொல்லித்தர வேண்டுமோ?

உண்மையைச் சொன்னால், முதலில் நான் கட்டின பை ஒரு அருமையான பை. சந்தையில் வாங்கிய பழைய முதுகுப்பை. அதற்குள் தடித்த காலுறைகள், மழைக்கோட்டு, போர்வை, ஒரு சாரம், ஒரு சேர்ட், காலுக்குத் தடவத் தைலம், செபமாலை. பக்கத்தில் ஜெனியின் மெழுகுதிரியைச் செருகிக் கட்டியிருந்தேன். றெஜினாவைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். "பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். அந்தப் பையை அப்படியே படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதை யாரும் அந்தக் கோலத்தில் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. பெஞ்சமின் மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். எங்கள் தமிழ்ப் பூசையில் பாட்டு, கோச், ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அறிவித்தார்.

"எங்கட சூசை இந்த முறை மாதாட்ட நடந்து போறார். விரும்பினவை தங்கட நேர்த்தி மெழுகுதிரியளை அவரிட்டக் குடுத்துவிடலாம்."

நான் அவரை வாசலில் மறித்தேன்.

"மாஸ்ரர், நீங்கள் அதே நாள், அதே கோயிலுக்குக் கோச் பிடிச்சு வாறியள்தானே? மெழுகுதிரியை அதில வைச்சால் என்ன?"

"சூசை, நீர் விளங்காமல் கதைக்கிறீர். கோச்சில வாறது சுற்றுலா. நீர் போறதெல்லே தவம்."

"தவம் என்ரதெல்லே? மெழுகுதிரி அவையின்ரதெல்லே?"

"அதுதான் காணும், பலனைப் பங்கு போடுறது எண்டு சொல்லுறது."

விளங்குகிறதா சனங்களே? நடந்து போன மெழுகுதிரி முதலாம் தரமாம். கோச்சில் போன மெழுகுதிரி இரண்டாம் தரமாம். இதை எந்தச் சுவாமியாரும் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை. ஆனால் அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக் கதவு தட்டுப்படத் தொடங்கியது.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போகிறவன் கையில் ஒருவர் காணிக்கையைக் கொடுத்தால் அவன் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் வருகிற சளி, காய்ச்சல், பரீட்சைத் தோல்வி, விசா மறுப்பு எல்லாம் வேண்டாம் என்று சொன்னவனின் தலையில்தான் வந்து விழும். ஆகவே நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு கையாலும் வாங்கினேன். வாயால் "அதுக்கென்ன, தாங்கோ" என்றேன். மனத்துக்குள் மாஸ்ரரைத் திட்டினேன்.

பிள்ளை வரம் கேட்டு ஒரு மெழுகுதிரி. பிறந்த பிள்ளைக்கு நன்றி சொல்லி ஒன்று. முழங்கால் நோவுக்கு ஒன்று. முழங்கால் அளவில். ஒவ்வொரு மெழுகுதிரி உள்ளே போக, என் சாமான் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது. போர்வை வெளியே வந்தது, சாரத்தையே போர்த்துக்கொள்ளலாம் என்று. மழைக்கோட்டு வெளியே வந்தது.

"அதையும் எடுக்கிறியளோ?" என்றாள் றெஜினா.

"யூலையில மழை வராது" என்றேன். (இந்த நாட்டில். நான் சொன்னேன். என் வாயாலேயே.)

கடைசியாக எட்மண்டனில் இருந்து லில்லி அக்கா வந்தா. என் பெரியப்பாவின் மகள். நல்ல மனம், ஆனால் பிடித்த பிடி விடமாட்டா. ரெயில் மாறி மாறி, கையில் ஒரு நீள உருப்படியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தா. படத்துக்குச் சட்டம் போடுகிற மரமாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னக்கா உது?"

"மெழுகுதிரியடா தம்பி. என்ர மோனுக்கு வேலை கிடைக்க வேணும் எண்டு நேர்ந்தனான். அவன்ர உயரத்துக்கு."

"அக்கா, உங்கட மோன் ஆறடி!"

"ஓம். அதுக்கு நான் என்ன செய்ய? பிறக்கேக்க சின்னன்தான்."

"நடுவால வெட்டிக் கட்டட்டோ?"

லில்லி அக்காவின் முகம் செத்துப்போனது. "என்ர பிள்ளையை வெட்டப் போறியோ?"

வெட்டவில்லை. ஆனால் அதைப் பையோடு சேர்த்து இறுக்கிக் கட்ட, உள்ளே ஏதோ ஒன்று இடம் விட வேண்டியிருந்தது. தடித்த காலுறைகளை உருவி எடுத்தேன். காலில் போட்டிருந்த மெல்லியதும், அதற்கு மாற்றாய் இன்னொரு மெல்லியதும் போதும் என்று நினைத்தேன். அன்றைக்கு என் மூளை எந்த ஷிப்டில் நின்றதோ தெரியாது.

நடை தொடங்கியது. மார்கிரற்றின் கூட்டம் சின்னச் சின்னப் பைகளோடு பாடிக்கொண்டு போனது. நான் பின்னால், ஈட்டி பிடித்த போர்வீரன் மாதிரி. எட்மண்டன் கடைத்தெருவில் ஒரு வெள்ளைக்காரர் என்னை நிறுத்தி, மீன் பிடிக்க எங்கே போகிறீர்கள் என்று மரியாதையாய்க் கேட்டார். மரங்களுக்குக் கீழே போனால் லில்லி அக்காவின் மகன் கிளைகளில் தட்டுப்பட்டான். ஒவ்வொரு தட்டுக்கும் நான் "மன்னியுங்கோ தாயே" என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டேன். மனத்துக்குள் பெஞ்சமின் மாஸ்ரரோடு சண்டை பிடிக்கவே நேரம் சரியாய் இருந்தது. அருள் நிறைந்த மரியே வாழ்க, பெஞ்சமின் மாஸ்ரர் நாசமாய்ப் போக. இப்படியே ஒரு முழுச் செபமாலை முடிந்தது. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அந்த வருடம் வெயிலென்றால் வெயில். தார் றோட்டு சப்பாத்தில் ஒட்டியது. இரண்டாம் நாள் குதிக்கால் இரண்டிலும் கொப்புளம். காலுறையைக் கழற்றி, இரத்தமும் வேர்வையுமாய் இருந்ததைப் பைக்குள் திணித்துவிட்டு, மற்றதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அடுத்த நாள் மத்தியானம் நான் நடந்தது நடை அல்ல, வாத்து போகிற மாதிரி. மார்கிரற் என்னைப் புல்லில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னா. காலைப் பார்த்தா. பிறகு என் பையைத் தூக்கப் பார்த்தா. முடியவில்லை. திறந்தா.

மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாய் வெளியே இழுத்துப் பார்த்தா. பிறகு கேட்டா: "வீடு எரியும்போது இதையா தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? மெழுகுதிரியையா?"

சொந்த ஊர் எரிந்தபோது நான் சரியாய்த்தானே கட்டினேன்? ஒரு குறையும் இல்லாமல் கட்டினேன். அப்போது ஒருவரும் வந்து கதவைத் தட்டி மெழுகுதிரி தரவில்லை. அதுதான் வித்தியாசம். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது கோபத்து அழுகை.

என் நேர்த்தியை விளக்க என்னிடம் அவ்வளவு ஆங்கிலம் இல்லை. "நான்தான் சுமக்க வேண்டும், நான்தான்" என்று மட்டும் சொன்னேன். மனிசி காதில் வாங்கவே இல்லை. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பழைய வானுக்குள் பையைத் தூக்கிப் போடச் சொன்னா. தன் புருசனின் கம்பளிக் காலுறையை எனக்கு மாட்டிவிட்டா. ஆக, என் பை என் முதுகில் இல்லை. இன்னொருவரின் காலுறை என் காலில். ஒருவரிடமும் கை நீட்ட மாட்டேன் என்று நேர்ந்தவன் கால் நீட்டிவிட்டேன்.

அந்தப் பழைய வானுக்கு எஞ்சின் முன் சீட்டுகளுக்கு நடுவே, ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. அந்த மூடிக்கு மேல்தான் என் பையை வைத்திருந்தார்கள். வெளியே கட்டியிருந்த ஜெனியின் மெழுகுதிரியையும் ஆறடி மெழுகுதிரியையும் வளைத்து வளைத்துப் பைக்குள்ளேயே திணித்திருந்தார்கள். பிறகு கண்ணாடிகளை இறுக்கிச் சாத்தி, வானை வெயிலில் பின்னேரம் வரைக்கும் விட்டிருந்தார்கள்.

அன்றிரவு படுக்க வந்த மண்டபத்தில் நான் பையைத் திறந்தபோது உள்ளே மெழுகுதிரி ஒன்றும் இல்லை. மெழுகு இருந்தது. பையின் உருவத்தில், ஒரு பெரிய பன்றிக்குட்டி கிடக்கிற மாதிரி. மேலெல்லாம் திரிகள் மயிர் மாதிரி எட்டிப் பார்த்தன. ஒரு பக்கத்தில் என் சாரத்தின் விளிம்பு. நடுவில், மெழுகுக்குள் புதைந்து, என் காலுறை. எது முழங்கால், எது பிள்ளை வரம், எது லில்லி அக்காவின் மகன், ஒன்றும் தெரியவில்லை. எது ஜெனி என்றும் தெரியவில்லை.

அதுதான் என்னைக் கொன்றது. ஊராரின் காணிக்கை போனால் போகட்டும். என் பிள்ளையின் உயிருக்கு நேர்ந்த மெழுகுதிரியும் அதற்குள்தானே? அந்த மண்டபத்து வாசலில் நின்று மாதாவோடு நேரே சண்டை பிடித்தேன். "அரை நாள், தாயே. அரை நாள்தான் இறக்கி வைத்தேன். அதைக்கூடப் பொறுக்க ஏலாதோ?" குப்பைக் கிடங்கில் தூக்கி எறிவோமா என்றும் நினைத்தேன். கை வரவில்லை. அடுத்த நாள் காலை, வானில் போடச் சொன்ன மார்கிரற்றைக் கும்பிட்டு மறுத்துவிட்டு, அந்தப் பன்றிக்குட்டியை என் முதுகிலேயே ஏற்றினேன். கோயில் வரைக்கும் இறக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் எங்கள் ஆட்களின் கோச்சும் வந்து நின்றது, றெஜினாவும் ஜெனியும் அதில்தான். இறங்கினார்கள். பூப்போட்ட சேலை, பவுடர் போட்ட முகம். சாமான் அறையைத் திறந்தார்கள். மடக்குக் கதிரைகள், பாய்கள், சோற்றுப் பானை, கிரிக்கெட் மட்டை. அவ்வளவுக்குப் பிறகும் உள்ளே இரண்டு மாடு கட்ட இடம் இருந்தது! கிரிக்கெட் மட்டை கோச்சில் வரலாம். மெழுகுதிரி சூசையின் முதுகில் வர வேண்டும்.

பெஞ்சமின் மாஸ்ரர் மெழுகுக் கட்டியைப் பார்த்தார்.

"என்ன காணும் இது? சனம் நம்பித் தந்ததை இப்பிடியே செய்யிறது? கொஞ்சமும் பொறுப்பில்லை!"

அவ்வளவுதான். இத்தனை நாள் உள்ளே கொதித்தது வெளியே வந்துவிட்டது.

"பொறுப்போ? மட்டைக்கு இடம் பிடிச்சுக் கொண்டந்திருக்கிறியள் மாஸ்ரர்! என்ர மழைக்கோட்டு வீட்டில, என்ர போர்வை வீட்டில, என்ர சொக்ஸ் வீட்டில! உங்கட முழங்கால் நோவையும் உங்கட பிள்ளை வரத்தையும் நான் சுமந்தனான். என்ர காலைப் பாருங்கோ! இனி ஆரும் பலனைப் பங்கு போட வந்தால், கொப்புளத்தையும் பங்கு போடுங்கோ!"

சனம் என் காலைக் குனிந்து பார்த்தது. லில்லி அக்கா மட்டும் கட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தா.

"தம்பி, என்ர மோன் எங்கயடா?"

"உதுக்குள்ளதான் அக்கா நிக்கிறார்."

அவ குனிந்து தடவிப் பார்த்தா. எந்தத் திரி தன்னுடையது என்று தேடினா. கிடைக்கவில்லை. கண் கலங்கியது. ஏச்சு வரப்போகிறது என்று நான் தயாராய் நின்றேன். திடீரென்று அவ சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலில் விழுந்தா.

"பாருங்கோ! இனி இதை ஆராலையும் பிரிக்க ஏலாது. மாதா எங்கள் எல்லாரையும் ஒண்டாக்கிப் போட்டா!"

பக்கத்தில் ஒருவர் முழங்காலில் நின்றார். பிறகு இன்னொருவர். பெஞ்சமின் மாஸ்ரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், ஒரு நொடி சனத்தைப் பார்த்தார், அவரும் முழங்காலில் நின்றார். அடுத்த நிமிடம் ஒலிவாங்கி அவர் கையில். "நெருப்பில்லாமலே!" என்று தொடங்கினார். (வான் எஞ்சின் நெருப்பில் சேராதாம்.)

முற்றத்தில் வைத்து எல்லாத் திரிகளையும் ஏற்றினார்கள். நன்றாகத்தான் எரிந்தது. நெருப்பு நடுவுக்குப் போனதும் ஒரு மணம் வந்தது. இரண்டு நாள் வேர்வையில் ஊறின காலுறை மெழுகில் பொரிகிற மணம். ஜெனி மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"அப்பான்ர சொக்ஸ் மணக்குது!"

"சின்னப் பிள்ளை. அதுக்குப் பூ மணம் தெரியாது" என்றார் மாஸ்ரர்.

அந்தக் கூட்டத்தில் உண்மை பேசினவள் அவள் ஒருத்திதான். நான் ஏன் வாய் திறக்கவில்லை? திறக்கத்தான் போனேன். லில்லி அக்கா அழுதுகொண்டே என் கொப்புளக் காலைத் தொட்டு முத்தமிட்டா. றெஜினா என் கையைக் கிள்ளினாள். வாய் மூடிவிட்டது. நெருப்பு அணைந்த பிறகு சனம் எஞ்சிய மெழுகை ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போனது. ஒருவருக்கு அதற்குள் நூல் அகப்பட்டது. இன்றைக்கும் அது எட்மண்டனில் ஒரு வீட்டில், சின்ன வெள்ளிப் பேழைக்குள், சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைப்பார்களாம். சனங்களே, அது என் காலுறை. இடது கால்.

திரும்பும்போது கோச்சில் றெஜினாவிடம் மெல்லக் கேட்டேன். "நேர்த்தி தீர்ந்ததோ?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "உங்களுக்கு வேண்டியதைச் சுமக்கிறன் எண்டுதானே நேர்ந்தனீங்கள்? நீங்கள் சுமந்தது ஊருக்கு வேண்டியதை. உங்களுக்கு வேண்டியது வீட்டிலயெல்லே கிடந்தது? சரிவராது. திரும்ப நடவுங்கோ."

அடுத்த வருடம் திரும்ப நடந்தேன். தடித்த காலுறை, போர்வை, மழைக்கோட்டு, ஜெனியின் மெழுகுதிரி. அது இன்னும் வளர்ந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டி, வந்தவர்களை றெஜினா யன்னலாலேயே திருப்பி அனுப்பினாள். வெளிக்கிடுகிற காலையில் கதவைத் திறக்கிறேன், வாசலில் லில்லி அக்கா. கையில் பேப்பரில் சுற்றின ஆறடி.

"மோனுக்கு வேலை கிடைச்சிட்டுதடா தம்பி. இது நன்றிக்கு."

வாங்கினேன். என்ன செய்ய? ஆனால் ஒன்று, காலுறையைத் தொடவில்லை. மழைக்கோட்டைத்தான் வெளியே எடுத்து வைத்தேன்.

அந்த வருடம் முழுக்க மழை. ஆனாலும் என் பை ஒரு நிமிடமும் முதுகைவிட்டு இறங்கவில்லை. ஜெனியின் மெழுகுதிரி தனியாக, நேராக நின்று எரிந்தது. நேர்த்தி தீர்ந்தது. அதைப் பற்றி ஒருவரும் கதை சொல்வதில்லை.

ஜெனி இப்போது வேலை விசயமாய் அடிக்கடி பயணம் போகிறவள். எங்கள் வீட்டில் யார் பெட்டி கட்டினாலும், மருமகன் கட்டினாலும், வாசலில் நின்று அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சொக்ஸ் பைக்குள்ளையோ, மெழுகுக்குள்ளையோ?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இதை வாசித்தவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். பிரதி எடுத்து ஊரெல்லாம் அனுப்பத் தேவையில்லை. அனுப்பாவிட்டால் ஒரு கெடுதலும் வராது. மாதாவை நம்புங்கள், நானும் நம்புகிறேன். என் பிள்ளையைத் தந்தவ அவதான். அந்தப் புதுமை எனக்குப் போதும். ஆனால் இந்தக் கதையை யாருக்காவது சொல்வதென்றால், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், இருந்தபடியே சொல்லுங்கள். கிழவர் வேண்டாம். மல்லிகை வேண்டாம். வானை விடாதீர்கள், கிரிக்கெட் மட்டையை விடாதீர்கள். எதை விட்டாலும் காலுறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை ஒருமுறை நான் விட்டுத்தான் இவ்வளவும் வந்தது.